வாழைத்தண்டுச் சாறு

தீ எங்கே பிடித்தது என்று சுகாசினிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தீயணைப்பு டியூட்டி முடிந்து வந்து அவள் கணவர் சாமுவேல் கழற்றிப் போடும் காக்கிச் சட்டையை ஒருமுறை முகர்ந்தால் போதும். வைக்கோல் போர் என்றால் அடுப்படி வாசனை. பட்டுநூல் எரிந்திருந்தால் தலைமுடி பொசுங்கின நாற்றம். குடிசை என்றால் அரிசியும் துணியும் கருவாடும் சேர்ந்து கருகின ஒரு துக்க வாசனை. இந்தப் பத்துப் பதினைந்து வருஷமாக இதையெல்லாம் அமுக்கிக்கொண்டு பிளாஸ்டிக்கும் ரப்பரும்தான் மேலே வந்தன. வாலாஜாபாத் ரோட்டுப் பக்கம் கம்பெனிகள் பெருகின பிறகு, அவற்றின் கழிவை வாங்கிக் குவிக்கிற குடோன்களும் பெருகிவிட்டன. கோடை வந்தால் வாரத்துக்கு ஒன்றாவது எரியும். அந்தச் சட்டையை ஊற வைத்தால் வாளித் தண்ணீர் தார்மாதிரி ஆகிவிடும். எண்ணெய்ப் படலம் ஒன்று மேலே மிதக்கும். கையில் ஒட்டினால் சீயக்காய் போட்டாலும் போகாது.

காஞ்சிபுரத்தை ஒட்டின ஓரிக்கையில் அவர்கள் வீட்டுப் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்கு மேலே முருங்கை மரம் நின்றது. அன்று சித்திரை மாதத்துச் சனிக்கிழமை. காலையிலேயே வெயில் சுள்ளென்று இருந்தது. சுகாசினி துவைத்துவிட்டுப் பாவு பிணைக்கப் போக வேண்டும். தறியில் ஒரு பாவு நெய்து முடிந்ததும், பழைய பாவின் இழை ஒவ்வொன்றையும் புதுப் பாவின் இழையோடு விரலால் முறுக்கிச் சேர்க்கிற வேலை அது. கண்ணும் விரலும்தான் மூலதனம். பேன்ட்டை அலசிப் பிழிந்துவிட்டு உள்ளாடையை எடுத்தவள் அப்படியே நிறுத்தினாள். துருப் பிடித்த நிறத்தில் வட்டமாக ஒரு கறை. பக்கத்தில் இன்னொன்று, பழசு, ஏற்கெனவே யாரோ தேய்த்துப் பார்த்தது போல வெளிறியிருந்தது.

சாமுவேல் உள்ளே பழைய சோறும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஈரத் துணியோடு வந்து எதிரில் நின்றாள்.

"இது இன்னாங்க?"

பார்த்தார். கை சோற்றிலேயே நின்றது.

"சூடும்மா. வெயில் எப்டி அடிக்குது. தண்ணி கம்மியா குடிக்கிறேன், அதான்."

"எத்தினி நாளா?"

"இப்பதான்."

"பொங்கலப்பவே பார்லி காய்ச்சிக் குடுன்னு கேட்டுக்கினு இருந்தீங்க. அப்ப இன்னா வெயிலு?"

அவர் தட்டை ஓரமாகத் தள்ளினார்.

"வலிக்குதா?"

"வலியே இல்ல சுகா. வலிச்சிருந்தா போயிருப்பேன்."

"எழுந்து கைய கழுவுங்க. இன்னைக்கு நான் பாவுக்குப் போவல."

சாமுவேலைப் பற்றி எங்கள் ஊரில் கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். தென்னேரியில் கூலிக்கு அறுப்பு அறுத்தவர்களின் மகன். ஏரி நிறைந்த மாதங்களில் நீந்தி வளர்ந்த உடம்பு. தீயணைப்பு வேலைக்கு ஓடித் தேர்வானபோது ஊரே சர்ச்சில் கூடி ஜெபித்ததாம். கிணற்றில் விழுந்த பசுவைக் கயிறு கட்டி ஏற்றுவார். கருட சேவைக் கூட்டத்தில் மயங்கின பெண்களைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வருவார். ஜரிகை வியாபாரம் செய்யும் அப்துல் சத்தாரின் கடை தீப்பிடித்தபோது, மாடியில் மாட்டிக்கொண்ட அவர் மனைவி ஜுபைதாவை நனைத்த சாக்கில் சுற்றித் தூக்கி வந்தவர் இவர்தான். அன்றிலிருந்து பக்ரீத் அன்று சத்தார் பாய் வீட்டு முதல் பங்கு ஓரிக்கைக்கு வந்துவிடும். "வாணாம் பாய், எதுக்கு" என்று சாமுவேல் கூசுவார். "உனக்கு யாருபா குடுத்தது, என் பொஞ்சாதி உயிரோட இருக்கிறதுக்குக் குடுக்கிறேன்" என்பார் பாய். சாமுவேல் குடிக்க மாட்டார். பீடி, சிகரெட் தொட்டதில்லை. "பாக்குற புகையே போதும்" என்று சிரிப்பார்.

ஸ்கேன் எடுத்து, குழாய் விட்டுப் பார்த்து, சதைத் துணுக்கைச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூத்திரப்பையின் உள்சுவரில் கட்டி. காரப்பேட்டை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள்.

காரப்பேட்டை என்றால் எங்கள் பக்கத்தில் இடத்தின் பெயர் மட்டும் இல்லை. "அவருக்குக் காரப்பேட்டையாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் அதுவே வியாதியின் பெயர்.

அங்கே இருந்த டாக்டர் நடுவயதுப் பெண். வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"பீடி, சிகரெட்?"

"கெடையாது மேடம்."

"சாயப்பட்டறையில வேலை பார்த்திருக்கீங்களா? இந்த ஊர்ல அதையும் கேட்கணும்."

"இல்ல மேடம். ஃபயர் சர்வீஸ்."

டாக்டர் நிமிர்ந்தார். "எத்தனை வருஷமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து" என்றாள் சுகாசினி.

"நெருப்பு அணைஞ்சப்புறம் என்ன பண்ணுவீங்க?"

இந்தக் கேள்வியை சாமுவேல் எதிர்பார்க்கவில்லை. "அணைஞ்சப்புறம்தான் மேடம் பாதி வேலை. உள்ள போயி கிளறி, அடியில கங்கு இருக்குதான்னு பாத்து தண்ணி அடிக்கணும். வுட்டா மறுபடி புடிச்சிக்கும்."

"அப்ப முகத்துல மாஸ்க் இருக்குமா?"

"எரியிறப்ப மாட்டுவோம். அணைஞ்சிட்டா கழட்டிடுவோம். வேர்த்துக் கொட்டும், பேசினா கேக்காது. எல்லாரும் அப்டித்தான்."

"கண்ணுக்குப் புகை தெரியலைன்னாலும் விஷம் அங்கேதான் இருக்கும் சார். மூக்கு வழியா மட்டும் இல்ல, கழுத்து, அக்குள், தோல் வழியாவும் போகும். உடம்பு அதை வடிகட்டி மூத்திரப்பைக்குத்தான் அனுப்பும். அது அங்கேயே மணிக்கணக்கா தேங்கி நிக்கும். தீயணைப்பு வேலையே புற்றுநோய் வர வைக்கிற வேலைன்னு உலகச் சுகாதார நிறுவனத்தோட ஆராய்ச்சிக்காரங்க சொல்லியிருக்காங்க." கொஞ்சம் நிறுத்தினார். "உங்களுக்கு இதனாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். யாராலயும் முடியாது. ஆனா தெரிஞ்சுக்குங்க. உங்களோட வேலை செய்யறவங்களுக்கும் தெரியணும்."

பிறகு சுகாசினியைப் பார்த்தார். "துணி யார் துவைக்கிறது?"

"நான்தான் மேடம்."

"கையுறை போட்டுக்குங்க. மத்த துணியோட சேர்க்காதீங்க. முடிஞ்சா வீட்டுக்கே வர வேண்டாம்."

சுகாசினி தன் உள்ளங்கைகளை ஒருமுறை பார்த்து, முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

கட்டி தசைக்குள் இறங்கவில்லை. கத்தி வைக்காமல், மூத்திரப் பாதை வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுத்துவிடலாம் என்றார்கள். அதன் பிறகு வாரம் ஒருமுறை பைக்குள் மருந்து விட வேண்டும். திரும்ப வருகிற வியாதி, அதனால் வருஷக்கணக்கில் வந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இத்தனையையும் கேட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது சாமுவேல் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"ஸ்டேஷன்ல கிட்னியில கல்லுன்னு சொல்லிடறேன் சுகா."

அவள் அப்போது மறுக்கவில்லை. அவருக்குத் தெம்பு எது தருமோ அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள்.

வைகாசியில் ஆபரேஷன் முடிந்தது. அந்த வருஷக் கருட சேவைக்கு சாமுவேல் இல்லாமல் வண்டி போனது. மருந்து விடுகிற நாட்களில் அதை இரண்டு மணி நேரம் உள்ளே அடக்கி வைத்திருக்க வேண்டும். அவர் கட்டிலில் வலப்பக்கம், இடப்பக்கம் என்று புரண்டு பற்களைக் கடித்துக்கொண்டு கிடப்பார். அன்று சாயங்காலம் குளிரும் காய்ச்சலும் வரும். சுகாசினி மிளகு ரசம் வைத்துச் சோற்றைக் குழையக் கரைத்துக் கொடுப்பாள். "நெருப்புக்குள்ள பூந்தவன் இதுக்கு இப்டி ஆடறேன் பாரு" என்று அவரே சிரித்துக்கொள்வார். கொஞ்சம் தேறியதும் வேலைக்குத் திரும்பினார். ஸ்டேஷனில் போன் எடுக்கிற இடத்தில் உட்கார வைத்தார்கள்.

ராமலிங்கம் அவருடைய கூட்டாளி. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ராமலிங்கத்தின் மனைவி பெரியநாயகி சுகாசினியோடு பாவு பிணைக்கிறவள். தீயணைப்பு வண்டியை ஓட்டுவதும், போய்ச் சேர்ந்த இடத்தில் பம்பை இயக்குவதும் ராமலிங்கம். வண்டி நிற்கிற இடம் தீயிலிருந்து காற்று வீசுகிற பக்கம் அமைந்துவிட்டால் புகை முழுக்க அவர் மேல்தான். திருப்புட்குழியில் அவருக்குக் கொஞ்சம் வாழைத் தோட்டம் இருந்தது. கூட்டாளிக்குக் கல்லு என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து வாழைத்தண்டு வெட்டிக்கொண்டு வந்துவிடுவார். அவர் எதிரிலேயே சுகாசினி சாறு பிழிய வேண்டும், சாமுவேல் குடிக்க வேண்டும். துவர்ப்பில் சாமுவேல் முகத்தைச் சுளித்தால், "முழுங்கு, முழுங்கு, கல்லு கரையணும்ல" என்பார்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் காலை வந்தவர் தண்டைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"கல்லுதான் எடுத்தாச்சே அண்ணே. எதுக்கு இன்னும் அலையறீங்க?"

"எடுத்தாலும் திரும்ப வரும் தங்கச்சி. நானே தினம் குடிக்கிறேன் பாரேன்."

"நீங்க எதுக்குக் குடிக்கிறீங்க?"

ராமலிங்கம் வெட்கப்பட்டவர் போலத் தலையைச் சொறிந்தார். "எனக்கும் அதே கதைதான்மா. செவப்பா போவுது. ரெண்டு நாள் போவும், அப்புறம் நின்னுடும். வலி ஒண்ணும் கெடையாது. இன்னாவோ ஏதோன்னு கெதிகலங்கிக்கினு இருந்தேன். சாமுவுக்குக் கல்லுன்னு சொன்னப்புறம்தான் உயிரு வந்துச்சு. சரி, ஒரே வண்டி, ஒரே தண்ணி, ஒரே கல்லு. பெரியநாயகி கிட்ட சொல்லிடாத, பயந்துடுவா."

பைக் தெருமுனை திரும்புகிற சத்தம் கேட்கிறவரை சுகாசினி தண்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே போனாள். சாமுவேல் பாதி மாட்டின சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"இன்னா பண்ணப் போறீங்க?"

"அவனத் தனியா கூப்ட்டு சொல்லிடறேன்."

"அவர் ஒருத்தருக்குத்தானா? அந்த வண்டியில வேற யாரும் ஏறுறது இல்லையா?"

"சுகா, உனக்குத் தெரியாது. புதுசா வந்த பசங்க இருக்காங்க. நெருப்புக்குள்ள பூர்றப்ப மனசுல ஒண்ணு ஓடக் கூடாது. இதெல்லாம் சொன்னா யோசிப்பான். யோசிச்சா கால் நிக்கும். இவன் கால் நின்னா உள்ள இருக்கிறவன் போயிடுவான்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அது அவளுக்கும் தெரியும். கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தாள்.

"ஜுபைதாக்காவ நீங்க தூக்கியாந்தப்ப முதுகெல்லாம் கொப்பளம். நான் ஒரு வார்த்தை சொன்னனா? ஏன் போனேன்னு கேட்டனா?"

"இல்ல."

"உயிருக்காகப் போறீங்க. அது உங்க வேலை. அதுக்குத்தான் நானும் உங்களக் கட்டிக்கினேன்னு பெருமையா சொல்லிக்கினு திரியறேன். ஆனா எல்லாம் எரிஞ்சி முடிஞ்சப்புறம், உள்ள ஒரு ஈ காக்கா இல்லாதப்ப, மூஞ்சியத் தொறந்துக்கினு நிக்கிறீங்களே, அது யாரக் காப்பாத்த? சாம்பலயா?"

சாமுவேல் சட்டையின் மறு கையை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

அவர் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது வண்டி வெளியே பாய்ந்துகொண்டிருந்தது. மெத்தைப் பஞ்சு அடைத்து வைத்திருந்த குடோன் ஒன்று எரிவதாகத் தகவல். சாமுவேல் போன் முன்னால் உட்கார்ந்தார். ஜன்னல் வழியே தெற்கே கறுப்புப் புகை தென்னை உயரத்துக்கு எழுந்து, பிறகு காற்றில் சாய்ந்தது. தான் அந்தப் புகைக்குள் இல்லாத குறை ஒரு பக்கம். அணைந்ததும் அதற்குள் முகமூடியைக் கழற்றப் போகிறவர்களைப் பற்றிய பயம் மறு பக்கம்.

வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் திரும்பினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. பக்கத்தில் இருந்த தறி வீடுகளுக்குத் தீ பரவாமல் நிறுத்திவிட்டார்கள். ஜெயித்து வந்தவர்களின் ஆரவாரம் இருந்தது. பற்களைத் தவிர மற்றதெல்லாம் கறுப்பு. வேப்ப மரத்தடியில் டீயும் காகிதத்தில் போண்டாவும் வந்தன. கறுத்த கையோடு ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள்.

"கைய கழுவிக்கினு சாப்டுங்க" என்றார் சாமுவேல்.

"இன்னாண்ணா, புதுசா?" என்று சிரித்தான் சந்தோஷ்குமார். போன வருஷம் வேலைக்கு வந்தவன்.

"கழுவிக்கினு வாங்கபா. ஒண்ணு சொல்லணும்."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, நிலைய அலுவலர் உட்பட எல்லோரும் எழுந்து போய்க் கழுவிவிட்டு வந்தார்கள். சாமுவேலுக்குப் பேசிப் பழக்கமில்லை. டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்குக் கல்லு இல்ல. மூத்திரப் பையில கேன்சர். காரப்பேட்டையில எடுத்தாங்க. இப்ப மருந்து போயிக்கினு இருக்குது." மூச்சு விட்டுக்கொண்டார். "நம்ம வேலையால வரலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. எரியிறப்ப மாட்றோம். அணைஞ்சதும் ஜெயிச்சிட்டோம்னு கழட்டிடறோம். அங்கதான் அது உள்ள போவுதாம். இந்தக் கறுப்ப மேல பூசிக்கினு சாப்டறோம், வூட்டுக்குப் போறோம், புள்ளையத் தூக்கறோம். பொஞ்சாதி கையில துவைக்கக் குடுக்கறோம். அவ்ளோதான். தெரிஞ்சத சொல்லிட்டேன்."

சந்தோஷ்குமார்தான் முதலில் கேட்டான்.

"அப்ப வேலைய வுட்டுடறீங்களாண்ணா?"

"நான் ஏன் வுடறேன்? உடம்பு நல்லா ஆனதும் வண்டியில ஏறுவேன். செவப்பா போனா யாரும் கல்லுன்னு நெனச்சிக்கினு சும்மா இருந்துடாதீங்க."

ராமலிங்கம் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வண்டிப் பக்கம் போனார். துடைக்க ஒன்றுமில்லாத பம்பு மீட்டரைத் துடைத்துக்கொண்டு நின்றார். சாமுவேல் பின்னாலேயே போனார்.

"அப்ப வாழத்தண்டு?" என்றார் ராமலிங்கம், திரும்பாமல்.

"அது கல்லுக்கு. உனக்குக் கல்லுன்னு யாருயா பாத்தது?"

"நீ மட்டும் ஏன் மடக்கு மடக்குன்னு குடிச்ச?"

"நீ திருப்புட்குழிலேர்ந்து தூக்கியாந்தியே, அதுக்காக."

ராமலிங்கம் சிரிக்கத்தான் பார்த்தார். உதடு கோணிக்கொண்டது. வண்டியின் படியில் உட்கார்ந்து முகத்தைத் துணியால் மூடிக்கொண்டார். சாமுவேல் பக்கத்தில் உட்கார்ந்தார். ராமலிங்கம் துணியை இறக்கிவிட்டுக் கேட்டார்.

"பெரியநாயகிக்கு இன்னானு சொல்றது?"

"சுகா இந்நேரம் சொல்லியிருப்பா. ரெண்டு பேரும் ஒரே தறியிலதான் பாவு பிணைச்சிக்கினு இருக்காங்க."

சொல்லித்தான் இருந்தாள். பாவின் இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் எதிரெதிரே உட்கார்ந்து, இழை முறுக்குகிற விரல் நிற்காமல், ஒருத்தி சொல்ல ஒருத்தி கேட்டாள். பெரியநாயகி அழுதாள், விரலை நிறுத்தவில்லை. பாவு முடிந்ததும் இரண்டு பேரும் நேரே ஸ்டேஷனுக்கு வந்தார்கள். "சார், எங்க வூட்டு ஆம்பளைங்க எப்ப வேணா எங்க வேணா போவட்டும். அந்தத் துணி மட்டும் இனிமே வூட்டு வாசப்படி ஏறாது" என்று நிலைய அலுவலரிடம் சுகாசினி சொன்னாள். அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "என் வீட்லயும் சொல்லணும்மா" என்றார். அதிலிருந்து தீ அணைந்த இடத்திலேயே, வண்டியில் ஏறும் முன், ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டார்கள். துணியை ஸ்டேஷனிலேயே துவைத்தார்கள். வேடிக்கை பார்க்கிறவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களே சோப்பு கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ராமலிங்கத்துக்கும் கட்டிதான். சின்னது. மேலோட்டமாகத்தான் இருந்தது. இன்னும் ஒரு வருஷம் சாறு குடித்துக்கொண்டிருந்தால் பையையே எடுத்திருக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அதே கருவியால், அதே வார்டில் எடுத்தார்கள். கட்டிலருகே சாமுவேல் உட்கார்ந்து, மருந்து விட்டால் எந்தப் பக்கம் புரண்டால் எரிச்சல் குறையும் என்பதை விளக்கிக்கொண்டிருந்தார்.

ஆவணியில் சாமுவேலுக்கு மறுபடி குழாய் விட்டுப் பார்த்த அன்று, ராமலிங்கமும் காட்டிக்கொள்ள வந்திருந்தார். நான்கு பேருமாகத்தான் போனார்கள். சாமுவேலுக்குப் பை சுத்தமாக இருக்கிறது, மூன்று மாதம் கழித்து வாருங்கள், அடுத்த வாரத்திலிருந்து முழு வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்ததும் பெரியநாயகிக்குத்தான் முதலில் பசித்தது.

காந்தி ரோட்டில் ஒரு கடையில் உட்கார்ந்தார்கள். சுக்கும் மிளகும் மணக்கிற காஞ்சிபுரம் இட்லி, மந்தார இலையில் ஆவி பறக்க வந்தது. முகூர்த்த மாதம். கல்யாணப் புடவை எடுக்க வந்த கார்களும் வேன்களும் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. முதல் துண்டைப் பிட்டு வாயருகே கொண்டுபோகும்போது அந்தச் சத்தம் கேட்டது. தெருவின் அந்தக் கோடியில், கார்களுக்கு நடுவே, சிவப்பு வண்டி அலறிக்கொண்டு நகர முடியாமல் நின்றது.

சாமுவேலும் ராமலிங்கமும் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட இல்லை. எழுந்து தெருவில் இறங்கிவிட்டார்கள்.

"மெதுவாங்க" என்று சொல்லிக்கொண்டே சுகாசினியும் இறங்கினாள். பின்னால் பெரியநாயகி.

ராமலிங்கம் ஒவ்வொரு கார் ஜன்னலாகத் தட்டி, "இப்டி ஒடி, ரைட்டுல ஒடி, வா வா வா" என்று வண்டிகளைக் கடைகளின் பக்கம் ஒதுக்கினார். சாமுவேல் நடுத்தெருவில் நின்று இரண்டு கையையும் விரித்து எதிர்ப்புறத்தை நிறுத்தினார். புடவைக் கடை வாசலில் இருந்த பைக்குகளைச் சுகாசினியும் பெரியநாயகியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து நகர்த்தினார்கள். கடைப் பையன்கள் ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நடுவில் ஒரு வழி திறந்தது.

வண்டி அதில் புகுந்து வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்களின் முதுகில் சிலிண்டரும் கழுத்தில் முகமூடியும் தயாராக இருந்தன. கடந்து போகும்போது சந்தோஷ்குமார் வெளியே தலை நீட்டி, நடுத்தெருவில் நின்ற இரண்டு பேருக்கும் ஒரு சல்யூட் வைத்தான். சாமுவேல் பதிலுக்குக் கை தூக்கவில்லை. முகத்தை மூடுகிற மாதிரி உள்ளங்கையை மூக்கின் மேல் வைத்துக் காட்டினார். அவன் தலையை ஆட்டினான். வண்டி திரும்பி மறைந்தது.

திரும்பி வந்தபோது மேஜையில் இலைகள் இல்லை. கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"ஆறிப்போச்சுன்னு எடுத்துட்டேன் சார். ஒக்காருங்க, அடுத்த ஈடு எறங்குது. சூடா போடறேன்."

நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். ராமலிங்கத்துக்கு மூச்சு வாங்கியது. சாமுவேல் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் தள்ளினார்.